9950எக்ஸ்க்கு 58 ஆயிரம் ரூபா மதர்போர்டு வேணுமா?

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல ஒரு தடவை சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியட்டும். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் உங்க தொழில், டாவின்சி ரிசால்வ்ல 4கே ஃபுட்டேஜ், வேலை முடிஞ்சா நைட்டு கொஞ்சம் கேம். ப்ராசசர் ஏஎம்டியோட ரைசன் 9 9950எக்ஸ், கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, 96 ஜிபி ரேம், மூணு என்விஎம்இ எஸ்எஸ்டி, பழைய ஹார்ட் டிஸ்க் ரெண்டு, இதெல்லாம் முடிவு பண்ணிட்டீங்க. கடைக்காரர் 58 ஆயிரத்துக்கு ஒரு எக்ஸ்870ஈ (ஏஎம்டி சிப்செட்லயே மேல் ரகம்) போர்டை எடுத்து வெச்சு "இந்த ப்ராசசருக்கு இதுக்குக் கீழ போனா வேஸ்ட் சார்"னுட்டாரு. அது நிஜமான்னு கேக்குறீங்க.

நிஜம் கிடையாது. அதுல பாதி விலைக்கும் கீழ இருக்கிற போர்டுலயே உங்க ப்ராசசர் இதே வேகத்துல ரெண்டர் பண்ணும், பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. மதர்போர்டு எதையும் வேகமாக்காது, மத்த பார்ட்ஸோட வேகத்தைக் கெடுக்காம இருந்தா அதோட வேலை முடிஞ்சுது. ஆனா அதுக்காக இருக்கிறதுலயே சீப்பா ஒன்னைப் பிடிச்சுப் போட்டுடலாம்னும் எடுத்துக்காதீங்க, கெடுக்குற போர்டும் நிறைய இருக்கு, 58 ஆயிரம் போர்டே உங்க வேலைக்கு ஒரு விதத்துல கெடுக்கும், அது எப்படின்னு கீழ சொல்றேன்.

முதல்ல கரண்ட் கதை. எஸ்எம்பிஎஸ்ல (பவர் சப்ளை பெட்டி) இருந்து போர்டுக்கு வர்றது 12 வோல்ட், ஆனா ப்ராசசருக்கு வேண்டியது ஒரு வோல்ட்டும் சில்லறையும்தான். அந்த 12ஐ ஒன்னா இறக்கிக் கொடுக்குற பார்ட்டுக்குப் பேருதான் விஆர்எம், சாக்கெட்டைச் சுத்தி பெரிய பெரிய அலுமினியக் கட்டியை வெச்சு மூடியிருப்பாங்களே அதுக்கு அடியில இருக்கு. 9950எக்ஸ் டப்பாவுல 170 வாட்னு போட்டிருக்கும், ஆனா சாக்கெட் வழியா அதுக்கு மேலயும் இழுக்கும், இந்த சாக்கெட்டுக்கு ஏஎம்டி அனுமதிச்ச உச்ச அளவு 230 வாட். வோல்ட் கம்மி ஆனா ஆம்ப் ஏறும் இல்லையா, அதனால தொடர்ந்து 160 ஆம்ப், கொஞ்ச நேரத்துக்கு 225 ஆம்ப் வரைக்கும் போகும்னு கணக்கு. வீட்டுல ஏசிக்குப் போடுற எம்சிபியே 20 ஆம்ப்தான் (அங்க வோல்ட் வேற, அதனால நேரடியா ஒப்பிடக் கூடாது, ஆனா அந்தக் குட்டி இடத்துக்குள்ள எவ்வளவு கரண்ட் ஓடுதுன்னு ஒரு அந்தாஜுக்கு சொல்றேன்).

இப்ப விளம்பரத்துல விஆர்எம்ல பவர் ஸ்டேஜ் (வோல்ட்டை இறக்குற குட்டி சிப்) எத்தனைன்னு 16+2+2னு போட்டிருப்பாங்க, அதுல முதல் நம்பர்தான் ப்ராசசர் கோர்களுக்கு, மத்தது எஸ்ஓசிக்கும் (ப்ராசசர்ல கோர் தவிர்த்து, ரேமைக் கவனிக்கிற மாதிரியான பகுதி) இதர சில்லறைக்கும். முதல் நம்பரை அந்த பவர் ஸ்டேஜோட ஆம்ப் ரேட்டிங்கால பெருக்குங்க. 12 ஸ்டேஜ், ஒவ்வொன்னும் 60 ஆம்ப்னா 720 ஆம்ப். உங்களுக்கு வேண்டியது 160. 16 ஸ்டேஜ் 110 ஆம்ப்னு போட்ட போர்டை இதுக்கு வாங்குறது ரெண்டு தேங்கா வாங்க லாரி எடுத்துட்டுப் போற கதை. ஆனா ரொம்ப கீழ, ஹீட்சிங்கே இல்லாம மொட்டையா நிக்கிற ஏ620ங்கிற அடிமட்ட ரக போர்டுல 9950எக்ஸைப் போட்டு ஒரு மணி நேரம் ரெண்டர் விட்டா விஆர்எம் சூடாகி தன்னைக் காப்பாத்திக்க ப்ராசசரைக் கீழ இறக்கிடும், நீங்க என்னடான்னா ப்ராசசர் சரியில்லைன்னு நினைச்சுட்டு இருப்பீங்க.

ரிவ்யூ பாக்குறப்ப இன்னொன்னு கவனிங்க, அந்த டெஸ்ட் எல்லாம் 21, 22 டிகிரி ரூம்ல பண்ணது. நம்ம ஊர்ல மே மாசம் மத்தியானம் ஏசி இல்லாத ரூம் 36 டிகிரி இருக்கும், அதனால அவங்க காட்டுற விஆர்எம் சூட்டோட ஒரு 15 டிகிரி கூட்டிப் பாருங்க. நீங்க ஏஐஓ லிக்விட் கூலர் போடப் போறீங்கன்னா இன்னும் ஒரு விஷயம் இருக்கு, பெரிய டவர் ஏர் கூலர் ஃபேன் சுத்துறப்ப அந்தக் காத்து கொஞ்சம் பக்கத்துல இருக்கிற விஆர்எம் மேலயும் படும், ஏஐஓல பம்ப் மட்டும்தான் சாக்கெட் மேல உக்காந்திருக்கும், அந்த இடத்துல காத்தே ஓடாது. கேபினெட் பின்னாடி ஒரு ஃபேன் வெளிய இழுக்குற மாதிரி கண்டிப்பா வெச்சுக்கங்க. ஹீட்சிங்க் நிஜ அலுமினியமா, இல்ல மேல பிளாஸ்டிக் மூடி போட்டு ஆள் ஏமாத்துறதான்னு போட்டோல ஜூம் பண்ணிப் பாருங்க, பிளேடு பிளேடா வெட்டு இருந்தா நல்லது.

சரி, இப்ப மெயின் விஷயம். யாரும் பாக்காம விடுறதும் இதுதான்: லேன். நெட்வொர்க் லேன் இல்ல, பிசிஐஇ லேன், ப்ராசசருக்கும் கார்டு, எஸ்எஸ்டிக்கும் நடுவுல டேட்டா ஓடுற வழி, ரோட்டுல லேன் போட்டிருக்கிற மாதிரி. எக்ஸ்8, எக்ஸ்16ன்னா 8 லேன், 16 லேன்; ஜென்னா தலைமுறை, ஒன்னு ஏறினா லேனோட வேகம் ரெண்டு மடங்கு. ஏஎம்5 (9950எக்ஸ் உக்கார்ற சாக்கெட்) ப்ராசசர்ல மொத்தம் 28 லேன் இருக்கு, அதுல 4 சிப்செட்டுக்கு (யுஎஸ்பி, ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க்கையெல்லாம் ப்ராசசரோட சேர்க்குற போர்டு சிப்) போயிடும். மிச்சம் 24, அதுல கிராபிக்ஸ் கார்டுக்கு 16, முதல் எஸ்எஸ்டிக்கு 4, அப்புறம் சும்மா ஒரு 4. இந்தக் கடைசி 4ஐ போர்டு கம்பெனி எதுக்குக் கொடுக்குதுங்கிறதுலதான் கதையே இருக்கு.

எக்ஸ்870, எக்ஸ்870ஈ ரெண்டுலயும் யுஎஸ்பி4 கட்டாயம்னு ஏஎம்டி ரூல் வெச்சிருக்கு. அந்த யுஎஸ்பி4 சிப்பை போர்டு கம்பெனிங்க இந்தக் கடைசி 4 லேன்ல கொண்டு போய் மாட்டிடறாங்க. அப்ப ரெண்டாவது எஸ்எஸ்டிக்கு ப்ராசசர்ல இருந்து நேர்வழி கிடையாது. ஆனா பெரிய போர்டுன்னா மூணு ஜென் 5 எம்.2 ஸ்லாட்டு (எஸ்எஸ்டி சொருகுற இடம்) இருக்குன்னு டப்பாவுல போட்டாத்தானே விக்கும்? அதனால கிராபிக்ஸ் கார்டோட 16ல இருந்து 8ஐப் பிடுங்கி அந்த ஸ்லாட்டுக்குக் கொடுக்குறாங்க. நீங்க ஆசையா ரெண்டாவது எஸ்எஸ்டியைச் சொருகுவீங்க, கிராபிக்ஸ் கார்டு சத்தமே இல்லாம எக்ஸ்8க்கு இறங்கியிருக்கும். வேற சில போர்டுல யுஎஸ்பி4ஐயும் எஸ்எஸ்டியையும் ஆளுக்கு ரெண்டு லேன்னு பங்கு போட்டு விட்டிருப்பாங்க, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி.

அப்ப எக்ஸ்870ஈல அந்த "ஈ"க்கு எதுக்குக் காசுன்னு கேட்டா, அதுல சிப்செட் சிப் ஒன்னுக்குப் பதிலா ரெண்டு இருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ரெண்டாவது சிப் முதல் சிப்போட வாலைப் பிடிச்சுட்டுதான் நிக்குது, ப்ராசசருக்குப் போற வழி அதே 4 லேன், ஜென் 4, ஒரு பக்கத்துக்கு செகண்டுக்கு சுமார் 8 ஜிபி. ஆத்துக்கு அந்தப் பக்கம் தெரு நிறைய போட்டுட்டாங்க, பாலம் ஒன்னேதான். ஒரு நல்ல ஜென் 4 எஸ்எஸ்டியே 7 ஜிபி படிக்கும், அப்ப சிப்செட் பக்கம் ரெண்டு எஸ்எஸ்டியைப் போட்டு ரெண்டுல இருந்தும் ஒரே நேரத்துல இழுத்தா பாலத்துல டிராஃபிக் ஜாம்தான். யுஎஸ்பி, சாட்டா (ஹார்ட் டிஸ்க் கனெக்ஷன்), நெட்வொர்க் எல்லாம் அதே பாலம்னு ஞாபகம் இருக்கட்டும்.

இப்ப எக்ஸ்870க்கு ஒரு படி கீழ இருக்கிற பி850 சிப்செட் பக்கம் வாங்க. அதுல யுஎஸ்பி4 கட்டாயம் இல்ல, அதனால பெரும்பாலான பி850 போர்டுல அந்தக் கடைசி 4 லேன் நேரா ரெண்டாவது எம்.2க்குப் போகுது. கிராபிக்ஸ் கார்டுக்கு முழு 16, எஸ்எஸ்டி ரெண்டுக்கு நேர்வழி, யாருகிட்டயும் பிடுங்க வேண்டியது இல்ல. மூணாவது எஸ்எஸ்டி மட்டும் சிப்செட் வழியா. உங்களுக்கு விண்டோஸ் ஒன்னு, ஓடுற ப்ராஜெக்ட் ஒன்னு, கேஷ் (ரிசால்வ் தற்காலிகமா எழுதி வைக்கிற ஃபைல்) ஒன்னு, அதுல ப்ராஜெக்ட்டையும் கேஷையும் ப்ராசசர் பக்கம் போட்டுட்டு விண்டோஸை சிப்செட்டுக்கு அனுப்பிடுங்க, விண்டோஸுக்கு அந்த வேகமே தேவைக்கு மேல. விலை கம்மியான போர்டு உங்க வேலைக்கு அதிகமா ஒத்து வருதுன்னு சொன்னா கடைக்காரர் சிரிப்பாரு, ஆனா கணக்கு அப்படித்தான் வருது.

நியாயமா ஒன்னு சொல்லணும், எக்ஸ்8க்கு இறங்கினா உலகம் அழிஞ்சுடாது. 5070 டிஐ ஜென் 5 கார்டு, ஜென் 5 எக்ஸ்8ங்கிறது ஜென் 4 எக்ஸ்16க்குச் சமம், கேம்ல உங்களுக்குத் தெரியவே தெரியாது. எனக்குக் கடுப்பு வர்றது, 58 ஆயிரம் கொடுத்து எதுக்கு அதை வாங்கணும்ங்கிறதுலதான்.

இதெல்லாம் எங்க பாக்குறது? யூட்யூப் ரிவ்யூல வராது. கம்பெனி சைட்டுல அந்த மாடலோட மேனுவல் பிடிஎஃப் இருக்கும், வாங்குறதுக்கு முன்னாடியே டவுன்லோடு பண்ணுங்க, காசு ஒன்னும் கேக்க மாட்டான். ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்துல ஸ்டோரேஜ்னு ஒரு பகுதி, அதுல எம்.2_1, எம்.2_2னு வரிசையா இருக்கும், ஒவ்வொன்னுக்கும் பக்கத்துல ப்ராசசர்ல இருந்தா சிப்செட்ல இருந்தான்னு போட்டிருப்பான். அங்க பேர் மேல ஒரு ஸ்டார் குறி இருக்கும், கீழ எறும்பு சைஸ் எழுத்துல "இதுல எஸ்எஸ்டி போட்டா அது எக்ஸ்8 ஆகும்", "இதைப் போட்டா சாட்டா 3, 4 வேலை செய்யாது"ன்னு எழுதியிருப்பான். மொத்த மேனுவல்லயும் அந்த ஸ்டார் வரிதான் முக்கியம். உங்களுக்கு ஹார்ட் டிஸ்க் ரெண்டு இருக்கே, அந்த சாட்டா வரியை ரெண்டு தடவை படிங்க. பின்னாடி நாஸுக்கு (நெட்வொர்க்ல மாட்டுற ஸ்டோரேஜ் பெட்டி) 10 கிக் நெட்வொர்க் கார்டு போடுற ஐடியா இருந்தா, கீழ இருக்கிற நீளமான ஸ்லாட்டு நிஜமா எக்ஸ்4ஆ இல்ல ஆளைப் பார்த்தா பெருசு உள்ள எக்ஸ்1ஆன்னும் அங்கயே தெரிஞ்சுடும்.

ஒரு எச்சரிக்கை, பி840ன்னு ஒன்னு இருக்கு. பேரைப் பார்த்தா பி850க்குத் தம்பி மாதிரி இருக்கும், ஆனா அது வேற ஜாதி, சிப்செட் பக்கம் ஜென் 3 வேகம்தான், ப்ராசசர் ஓவர்கிளாக்கும் கிடையாது. அவசரத்துல மாத்தி எடுத்துடாதீங்க.

ரேம் பத்தி. 96 ஜிபின்னா ரெண்டு 48ஆ வாங்குங்க, நாலு 24 வேணவே வேணாம். நாலு ஸ்லாட்டு கண்ணுல தெரியுதேன்னு நிரப்பணும்னு தோணும், டிடிஆர்5ல நாலு குச்சி போட்டா வேகம் பொத்துன்னு விழும், ரெண்டு குச்சிக்கு 9950எக்ஸுக்கு ஏஎம்டி சொல்ற வேகம் 5600, நாலு குச்சின்னா 3600தான். ரெண்டு குச்சியா எக்ஸ்போ ப்ரொஃபைல் (பயாஸ்ல ஒரே செட்டிங்ல ரேம் வேகத்தை ஏத்துறது) உள்ள 6000 கிட் எடுங்க, அதுக்கு மேல 8000, 8400னு போர்டு டப்பாவுல போட்டிருக்கிறதை நம்பிக் காசு கொடுக்காதீங்க, ரைசன்ல 6000 பக்கம்தான் நிம்மதியா ஓடும். ப்ராசசர்ல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்டுல போடுங்க.

இங்க என் சொந்தக் கதை ஒன்னு. முதல் ஏஎம்5 பில்டு, ராத்திரி பதினோரு மணிக்கு எல்லாம் மாட்டி ஆன் பண்ணேன், ஃபேன் சுத்துது, ஸ்க்ரீன் கருப்பு. ரெண்டு நிமிஷம் பார்த்தேன், ஆஃப் பண்ணி ரேமைக் கழட்டி மாத்திப் போட்டேன், அப்பவும் கருப்பு, ஒரு குச்சி மட்டும் போட்டேன், கருப்பு, கிராபிக்ஸ் கார்டைக் கழட்டினேன், ஒரு மணிக்கு மொத்தத்தையும் கேபினெட்ல இருந்து வெளிய எடுத்து அட்டை டப்பா மேல வெச்சு ஆன் பண்ணிட்டு வெறுத்துப் போய் டீ போடப் போயிட்டேன். திரும்பி வந்தா பயாஸ் (போர்டுக்குள்ளயே இருக்கிற சாஃப்ட்வேர்) ஸ்க்ரீன் என்னைப் பார்த்துச் சிரிக்குது. விஷயம் என்னன்னா டிடிஆர்5 முதல் தடவை ஆன் ஆகுறப்ப ரேமோட டைமிங்கை ஒவ்வொன்னா முயற்சி பண்ணிக் கத்துக்கும், பெரிய ரேம்னா அஞ்சு பத்து நிமிஷம்கூட ஆகலாம், நான் ஒவ்வொரு தடவையும் கழட்டி மாட்டி அதை மறுபடி ஒன்னாம் கிளாஸ்ல உக்கார வெச்சிருக்கேன். போர்டு ஓரத்துல சிபியு, டிராம், விஜிஏ, பூட்னு நாலு குட்டி எல்ஈடி இருக்கும், டிராம் லைட்டு எரிஞ்சுட்டு இருந்தா கை வைக்காம உக்காருங்க. இந்த நாலு லைட்டு இல்லாத போர்டை வாங்காதீங்க, ரெண்டு டிஜிட் கோடு காட்டுற டிஸ்ப்ளே இருந்தா இன்னும் நல்லது, ஆனா அதுக்காகப் பத்தாயிரம் கூடக் கொடுக்கணும்னு இல்ல.

பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் கண்டிப்பா வேணும், இதுல நான் விட்டுக் கொடுக்க மாட்டேன். 800 சீரிஸ் போர்டு 9000 ப்ராசசருக்குப் பிறகு வந்தது, அதனால நேரா ஓடும், ஆனா விலை கம்மியா இருக்குன்னு பி650, பி650ஈ பழைய ஸ்டாக் எடுத்தீங்கன்னா அதுல 9950எக்ஸைத் தெரியாத பழைய பயாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. ஃப்ளாஷ்பேக் இருந்தா ப்ராசசர், ரேம் எதுவும் வேண்டாம், எஸ்எம்பிஎஸ் கனெக்ஷன் மட்டும் கொடுத்து, ஃபேட்32ல ஃபார்மேட் பண்ண பென்டிரைவ்ல ஃபைலை மேனுவல்ல சொன்ன பேருக்கு மாத்திப் போட்டு, பின்னாடி அதுக்குன்னு குறி போட்ட போர்ட்ல சொருகி பட்டனை அழுத்துனா போதும். புது போர்டா இருந்தாலும் முதல் வேலை பயாஸ் அப்டேட்தான். 2023ல 7800எக்ஸ்3டி ப்ராசசர்கள் சாக்கெட்டோட சேர்ந்து கருகினது ஞாபகம் இருக்கா, எக்ஸ்போ ஆன் பண்ணப்ப சில போர்டுங்க எஸ்ஓசி வோல்ட்டேஜை இஷ்டத்துக்கு ஏத்தினது அதுக்கு ஒரு காரணம், அப்புறம்தான் ஏஎம்டி 1.3 வோல்ட்டுக்கு மேல போகக் கூடாதுன்னு பயாஸ்லயே பூட்டு போட்டுச்சு.

இன்டெல் ஏன் சொல்லலைன்னு யாராவது வருவாங்க, அதனால சுருக்கமா. இசட்890 போர்டுல ப்ராசசருக்கும் சிப்செட்டுக்கும் நடுவுல பாலம் ரெண்டு மடங்கு அகலம், 8 லேன் ஜென் 4, நிறைய எஸ்எஸ்டி வெச்சிருக்கிறவங்களுக்கு அது நிஜமாவே நல்ல விஷயம். கேமரா 4:2:2 10 பிட் ஃபுட்டேஜை இன்டெல்லோட குயிக் சிங்க் (ப்ராசசருக்குள்ள இருக்கிற வீடியோ பகுதி) அழகா டீகோட் பண்ணும், எடிட்டர்ங்க இன்டெல்லை விடாம இருந்ததுக்கு அது பெரிய காரணம், ஆனா ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸ்ல அந்த வசதி கார்டுலயே வந்துடுச்சு, நீங்க 5070 டிஐ வாங்குறதால அந்தக் கவலை இல்ல. இன்டெல் 13, 14வது ஜென் ப்ராசசர் செகண்ட்ஹேண்ட்ல மலிவா வருதுன்னு போனீங்கன்னா 2024ல வந்த மைக்ரோகோடு (ப்ராசசரோட உள் சாஃப்ட்வேர்) அப்டேட் போட்டிருக்காங்களான்னு பாருங்க, அதுக்கு முன்னாடியே வோல்ட்டேஜ்ல அடிபட்ட சிப்பை அப்டேட் சரி பண்ணாது.

ஏஎம்5க்கு நான் சாய்றதுக்கு இன்னொரு காரணம், 2027 வரைக்கும் அதுக்கு மேலயும் இந்த சாக்கெட்டுக்கு சப்போர்ட்னு ஏஎம்டி சொல்லியிருக்கு. சொன்னா செய்வாங்களான்னா, ஏஎம்4ங்கிற முந்தின சாக்கெட்ல 2017 போர்டுல 2022ல வந்த 5800எக்ஸ்3டி ஓடுச்சு, நடுவுல முடியாதுன்னு இழுத்தாங்க, ஜனங்க சத்தம் போட்டப்புறம் விட்டாங்க.

மத்த சில்லறை விஷயம் வேகமா. உங்க கேபினெட்ல முன்னாடி டைப்-சி இருந்தா போர்டுல அதுக்கு ஹெடர் இருக்கான்னு பாருங்க, கார்டு ரீடர் அங்கதான் சொருகுவீங்க. பின்னாடி யுஎஸ்பி போர்ட் எட்டாவது வேணும், அதுல ரெண்டாவது 10 ஜிகாபிட் இருக்கணும். ஈதர்நெட் 2.5 கிக் போதும். ஆடியோ சிப் பேருக்குக் காசு கொடுக்காதீங்க, நீங்க வெளிய இன்டர்ஃபேஸ் வெச்சிருப்பீங்க. போர்டுல 8 பின் ப்ராசசர் பவர் கனெக்டர் ரெண்டு இருக்கு, எஸ்எம்பிஎஸ்ல ஒன்னுதான் இருக்குன்னு பயப்பட வேண்டாம், 230 வாட்டை ஒன்னே தாங்கும், ரெண்டு இருந்தா ரெண்டையும் போடுங்க. ஜிகுஜிகு லைட்டு உங்க இஷ்டம்.

வாரன்ட்டி மட்டும் நிதானமா படிங்க. ஏஎம்5ல பின் எல்லாம் ப்ராசசர்ல கிடையாது, போர்டு சாக்கெட்ல இருக்கு, 1718 பின், தலைமுடி மாதிரி. ஒரு பின் வளைஞ்சாலும் வாரன்ட்டி கிடையாதுன்னுடுவாங்க. எனக்கு ஒரு தடவை ரேம் ஸ்லாட்டு செத்துப் போன போர்டை வாங்கின கடைக்கே எடுத்துட்டுப் போனேன், உள்ள எடுத்துட்டுப் போய் அரை மணி நேரம் கழிச்சு வந்து "பின் வளைஞ்சிருக்கு சார், நீங்கதான் பண்ணியிருப்பீங்க"ன்னு கையில திருப்பிக் கொடுத்துட்டாங்க. நான் கொடுக்குறப்ப நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா என்கிட்ட ஒரு போட்டோ இல்ல, என்ன பேசி என்ன. அதுக்கப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினாலும் சரி ஆன்லைன்ல வாங்கினாலும் சரி, டப்பா சீல் உடைக்கிறதுல இருந்து வீடியோ எடுக்குறேன், சாக்கெட்டை டார்ச் அடிச்சுக் கிட்டத்துல ஒரு போட்டோ, சர்வீஸுக்குக் கொடுக்குறப்ப கவுன்டர்லயே அவங்க முன்னாடி இன்னொரு போட்டோ. ப்ராசசரைப் போட்டு லீவரை அழுத்தினதும் கருப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்னு டக்குன்னு தெறிச்சு வரும், அதைக் குப்பையில போட்டுடாதீங்க, அது இல்லாம வாரன்ட்டிக்கு வாங்கவே மாட்டேங்கிறாங்க.

ஆக உங்களுக்கு நான் சொல்றது: பி850, ஏடிஎக்ஸ் சைஸ், ப்ராசசர் பக்கம் குறைஞ்சது 12 ஸ்டேஜ் 60 ஆம்ப், நல்ல ஹீட்சிங்க், மூணு எம்.2 அதுல ரெண்டு ப்ராசசர்ல இருந்து நேரா, கிராபிக்ஸ் ஸ்லாட்டை யாரும் தொடாம, ஃப்ளாஷ்பேக், நாலு எல்ஈடி. கஸ்டமர் யுஎஸ்பி4 எஸ்எஸ்டில டெராபைட் கணக்குல ஃபுட்டேஜ் கொண்டு வந்து கொடுக்குறாங்கன்னா மட்டும் ஒத்தை சிப் எக்ஸ்870 பாருங்க, எக்ஸ்870ஈ அப்பவும் வேணாம். மிச்சமாகுற காசுல ஒரு நல்ல யுபிஎஸ் வாங்குங்க, ரெண்டு மணி நேர ரெண்டர் தொண்ணூறு பர்சென்ட்ல கரண்ட் போனா அந்த 58 ஆயிரம் போர்டும் சேர்ந்துதான் அணையும். கடையில ஸ்டாக் இருக்கிற மாடல் பேர் ரெண்டு மூணு வாங்கிட்டு வந்து எனக்குப் போடுங்க, அந்த ஸ்டார் வரியை நானும் ஒரு தடவை பார்த்துட்டு சொல்றேன்.